கேப்டன் ரீடின் பன்னிரண்டாவது பாலம்

கேப்டன் ரீட் கனடாக்காரர். அவர் ஊரில் வருஷத்துக்கு ஐந்து மாதம் ஆறு கல்லாக உறைந்துவிடும், லோரி தண்ணீர் மேலேயே போகும் என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர் பாலம் கட்டப் படித்தது எதற்கு என்று மலாயாவில், கிள்ளான் ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் கட்டினார். யுத்தம் முடிந்த நாற்பத்தைந்தாம் வருஷக் கார்த்திகையில், கிள்ளான் ஆற்றின் மேல், இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கோத்து, பதினெட்டே நாளில்.

அது அவருடைய பன்னிரண்டாவது பாலம். முதல் பதினொன்றில் ஒன்றுகூட ஒரு வருஷம் நிற்கவில்லை. நாலை எதிரி தகர்த்தான். மூன்றை வெள்ளம் கொண்டுபோனது. மூன்றைப் பின்வாங்கும்போது அவரே வெடி வைத்துத் தகர்த்தார், மேலிடத்து உத்தரவு. மீதி ஒன்றை பர்மாவில் ஒரு யானை, பிடிக்கவில்லை என்று தள்ளிவிட்டது.

பன்னிரண்டாவதை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் வியாழக்கிழமைக் கப்பலில் வீட்டுக்குப் போகலாம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. ஆறு வருஷமாகக் காணாத வீடு. ஒப்படைப்பு புதன் மதியம். அதுவரை பாலம் நின்றால் போதும்.

புதன் காலை ஒன்பது மணிக்கு, பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து வந்த ரயிலில் ஒரு கல்யாணம் இறங்கியது.

மாப்பிள்ளையின் தகப்பனார் இராமலிங்கம், ரயில்வே பட்டறையில் பிட்டர். அவர் பின்னால் இருநூறு பேர், முன்னால் நாயனமும் தவிலும். பெண் வீடு அக்கரையில். ஜப்பான்காரன் காலத்தில் மூன்றரை வருஷம் மரவள்ளிக்கிழங்கு தின்று, கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்ட சனம். தவிலில் முதல் அடி விழுந்ததுமே இருநூறு ஜோடிக் கால்களும் ஒரே காலாக நடந்தன.

கேப்டன் பாலத்தின் நடுவில் நின்றிருந்தார். அவர்கள் பத்தடி ஏறியதுமே பலகை அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பட்டாளத்தில் ஒரு விதி உண்டு. பாலத்தில் ஏறினால் நடையைக் கலைத்துவிட வேண்டும். எல்லாக் காலும் ஒரே தாளத்தில் விழுந்தால் பாலமும் கூடச் சேர்ந்து ஆடும். ஆடினால் விழும். கேப்டன் தலைதெறிக்க ஓடிவந்து இரண்டு கையையும் விரித்தார்.

மதராஸ் பட்டாளத்தோடு கிடந்து ஹவில்தாரிடம் கற்ற தமிழ் அவருடையது. வாயைத் திறந்தால் கட்டளைதான் வரும்.

"மேளம் நிறுத்து. சும்மா நட."

"மேளம் இல்லாம மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போறதா?" என்றார் இராமலிங்கம். "சாவுக்குக்கூட ஒரு பறை உண்டு தொரை. பத்தரைக்கு முகூர்த்தம், வழி விடுங்க."

"பாலம் விழும்."

"நேத்து டாங்கி போச்சே, அதுக்கு விழல. என் சம்பந்தி வீட்டுக்குப் போனா மட்டும் விழுமா?"

"டாங்கி தாளம் போடாது."

இது கூட்டத்துக்கும் நியாயமாகப் பட்டது. கேப்டனும் ஒரு படி இறங்கிவந்தார். மேளம் இருக்கட்டும், தாளம்தான் வேண்டாம்.

"தப்பா அடி," என்றார் தவில்காரரிடம்.

தவில்காரர் வேலாயுதம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு தலைமுறையா அடிக்கிறோம் தொரை. இந்த மாதிரி யாரும் கேட்டதில்ல."

இருந்தாலும் முயன்றார். கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். ஏழரை அட்சரத்தில் என்னவோ வந்தது. கூட்டம் அதற்கும் கால் போட்டது. கை மாற்றி அடித்தார். முன்னைவிட நன்றாக இருந்தது, இராமலிங்கமே தலையாட்டினார். மூன்றாம் தடவை மூக்கைக் கிள்ளித் தும்மலை வரவழைத்துக்கொண்டு அடித்தார். தும்மலும் தாளத்திலேயே வந்து விழுந்தது.

"கை கேக்க மாட்டேங்குது தொரை," என்றார் வேலாயுதம்.

மணி பத்து. கேப்டன் தொப்பியைத் தரையில் எறிந்தார். "குடு."

தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டார். பட்டாளத்தில் சேர்ந்த நாள்முதல் அணிவகுப்பில் அவர் கால் ஒருநாளும் மற்றவர் காலோடு சேர்ந்ததில்லை. அவரைப் பழக்க வந்த சார்ஜன்ட்களில் இருவர் வேலையை விட்டார்கள். நடக்க லாயக்கில்லை என்றுதான் பாலம் கட்ட அனுப்பினார்கள். இப்போது அவர் அடித்தபோது, ஒரு அடிக்கும் மறு அடிக்கும் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி போல எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை. எடுத்த காலை எங்கே வைப்பதென்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை இரண்டு முறை பின்னோக்கி நடந்தார். நாயனக்காரர் பல்வலி வந்தவர் மாதிரி தாடையைப் பிடித்துக்கொண்டார். பாலம் அசையவே இல்லை. பத்து இருபத்தைந்துக்கு எல்லாரும் அக்கரை.

வேலாயுதம் தவிலைத் திரும்ப வாங்கித் துண்டால் துடைத்தார். "எப்படி தொரை இவ்வளவு சுத்தமாத் தப்பா அடிக்கிறீங்க?" என்று மெய்யான மரியாதையோடு கேட்டார்.

மதியம் ரோட்டு இலாகா ஓவர்சியர் ஜெயராஜ், கல்யாணச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒப்படைப்புப் பட்டியலோடு வந்தார். சட்டம், ஆணி, பலகை எல்லாம் சரியாக இருந்தன. பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"தை பொறந்தா கல்யாணம், காவடின்னு எல்லாம் மேளத்தோடதான் சார் வரும். யார் அடிப்பா?"

"யாராவது."

"யாராவதால முடியாதுன்னு காலையில பார்த்தேனே. பாலத்துக்கு வேண்டியது எல்லாம் இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போடலாம். தப்பா அடிக்கிற ஆள் ஒண்ணு குறையுது லா."

"மேளம் கூடாது. போர்டு வை."

"ஏற்கெனவே நீங்க வெச்ச போர்டு மேலதான் சார் நாயனக்காரர் வேட்டி காயுது."

கப்பல் வியாழன் பதினொரு மணிக்கு. அன்று விடிந்ததிலிருந்து கேப்டன் வேலாயுதத்தை உட்கார வைத்துப் பழக்கினார். அவர் மேஜையில் தட்டிய தப்பை வேலாயுதம் அப்படியே தவிலில் திருப்பி அடித்தார். இரண்டாம் முறை அடிக்கும்போது அது தாளமாகிவிட்டது. கேப்டன் புதுத் தப்பு தட்டினார். அதுவும் தாளமாயிற்று. ஒன்பது மணிக்குள் வேலாயுதத்திடம் உலகத்தில் இல்லாத பதினாலு தாளம் சேர்ந்திருந்தது.

பத்தே முக்காலுக்கு ஒரு அடி நிஜமாகவே தப்பி விழுந்தது. அடுத்ததும் தப்பியது. வேலாயுதத்தின் நெற்றியெல்லாம் வியர்வை. ஜெயராஜ் பேனாவைத் திறந்தார்.

அப்போது துறைமுகத்தில் கப்பல் ஊதியது, மூன்று முறை. வேலாயுதத்தின் வலக்கை தன்பாட்டுக்கு எழுந்து, மூன்றாவது ஊதல் முடிகிற இடத்தில் கச்சிதமாகத் தாளத்தை முடித்து ஒரு தீர்மானம் வைத்தது.

ஜெயராஜ் பேனாவை மூடினார்.

கேப்டன் தவிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "அடுத்த கப்பல் எப்போ?" என்றார்.

"தைப்பூசம் கழிச்சுத்தான் சார்."