வன்னியபெருமாள் அழித்த வரிகள்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். என் வகுப்பறைக்கு அடுத்தது வரலாற்று வகுப்பு. அங்கே வன்னியபெருமாள் பாடம் எடுத்தால் என் மாணவர்களும் கேட்டாக வேண்டியதுதான். மைக் வேண்டாத குரல். நான் இந்தப் பக்கம் நெய்தல் திணையைச் சொல்லிக்கொண்டிருப்பேன்; சுவருக்கு அந்தப் பக்கம் போர்ச்சுகீசியர்கள் கப்பலை விட்டு இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு தேர்வில் என் மாணவன் ஒருவன், தலைவனின் பிரிவுக்குக் காரணம் டச்சுக்காரர்கள் என்று எழுதி வைத்தான். பாதி மதிப்பெண் போட்டேன்.

கதையை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "கொற்கையை விட்டுக் கடல் விலகிப் போனதைப் போல, வன்னியபெருமாளை விட்டு அவருடைய குரல்..."

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. காரணம் அவர்தான். கல்லூரி எங்களுக்கெல்லாம் கொடுத்திருக்கும் கிளவுட் கணக்கில், இணையத்தில் பலர் ஒன்றாகத் திறக்கக்கூடிய ஒரு கோப்பில்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றிய கதையை அவருக்குத் தெரியாமல் எழுத மனம் வரவில்லை. அந்தக் கோப்பை அவருக்கும் திறந்து வைத்திருக்கிறேன். நான் எழுத எழுத அவர் ஓரத்தில் குறிப்புப் போடுகிறார். அந்தக் குறிப்புகளைச் சதுர அடைப்புக்குள் அப்படியே விடுகிறேன்.

[கடல் ஒரே நாள்ல போகல மேடம். ஆத்து மண்ணு சேந்து சேந்து தள்ளிட்டுப் போச்சு. எனக்கு அப்படியா? காலைல இருந்துச்சு, சாயங்காலம் இல்ல. வேற ஏதாவது யோசிங்க.]

யோசித்தேன். வேறு உவமை அகப்படவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி.

2

போன வருஷம் அவருக்குத் தொண்டை கட்டியது. மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டார். மழை முடிந்தும் கட்டு விடவில்லை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக் குரல்வளையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார். ஆனால் பேச்சு வராது.

"அறுவைக்குப் போவதற்கு முன் அவர் தன் மனைவி சந்தனச்செல்வியிடம் கடைசியாகப் பேசியது..."

இதையும் பாதியில் விடுகிறேன். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் சொல்லவில்லை. நான் கேட்கப் போவதும் இல்லை.

எனக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். கழுத்தில் ஒரு துவாரம். மூச்சு அதன் வழியாகத்தான். மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார். வாயால் காற்று வராததால் சூடான காப்பியை ஊதிக் குடிக்க முடியாது. சந்தனச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றிக் கொடுப்பாள். கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவியும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு தரம் வைத்துப் பார்த்தார். தகரத்தை உரசியது போல ஒரு சத்தம் வந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

[காப்பி விஷயம் உங்களுக்கு யாரு சொன்னா? சந்தனச்செல்விதான? அவ வாய் சும்மா இருக்காது. இருக்கட்டும், அழிக்காதிய.]

3

உடம்பு தேறிக் கல்லூரிக்கு வந்தார். முதல்வர் ராஜதுரை அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

இந்த இடத்தில் ராஜதுரையைக் கொடுமைக்காரராக எழுதியிருந்தேன். மேசையைத் தட்டுவது போலக்கூட ஒரு வரி இருந்தது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நல்ல மனுஷர். அதுதான் சிக்கல்.

"சார், நீங்க அலையவேண்டாம். ஆபீஸ்ல பழைய கோப்பையெல்லாம் கிளவுட்ல ஏத்துற வேல நடக்கு. அத நீங்க மேற்பார்வை பாருங்க. சம்பளம், மரியாத எதுவும் குறையாது."

வன்னியபெருமாள் ஒரு தாளில் எழுதி நீட்டினார்: "எனக்கு வகுப்பு வேணும்."

"வாய் இல்லாம எப்படி சார்..." என்று ஆரம்பித்துவிட்டார் ராஜதுரை. சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. எழுந்து வந்து வன்னியபெருமாளின் தோளில் கை வைத்தார். "மன்னிக்கணும். சரி, கொஞ்ச நாள் எடுத்துப் பாருங்க. நான் ஒருநாள் வந்து உக்காந்து பாக்கேன். சரிப்படலேன்னா ஆபீசுக்கு வந்துரணும்."

4

இனி முத்துக்கனி. எங்கள் கல்லூரிக் கணினிப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். பழைய சர்வரை மூடிவிட்டு எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றும் பொறுப்பை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். ஆசிரியர்கள் பென் டிரைவை விடுவதாக இல்லை. அவள் நடத்திய பயிற்சி வகுப்பில், குரல் இருந்த காலத்து வன்னியபெருமாள் எழுந்து கேட்டார்: "ஏம்மா, மேகத்துல கொண்டு வச்சா மழைல கரைஞ்சுராதா?" அரங்கமே சிரித்தது. அவள் முகம் சுண்டிப்போனது.

அந்த முத்துக்கனிதான் இப்போது அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஒங்க பாஸ்வேர்டு இன்னும் நான் கொடுத்ததுதான் கெடக்கு. ஒரு தடவகூட உள்ள போகலியே நீங்க."

அவர் எழுதினார்: "கேலி பண்ணுனதுக்குத் திட்ட வந்தியாம்மா?"

"ஆமா, திட்டத்தான் வந்தேன். அன்னிக்கு வீட்டுக்குப் போயி அழுதேன் தெரியுமா? அது கெடக்கட்டும். ஒங்க போன எடுங்க. நான் இங்கன தட்டுதேன், நீங்க அங்கன பாருங்க."

ஒரே கோப்பை அவருடைய போனிலும் தன் மடிக்கணினியிலும் திறந்து தட்டினாள். அவருடைய போனில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன: வன்னியபெருமாள் சார் இப்படிப் பாடம் எடுக்கலாம்.

அவர் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவள் சொன்னாள்.

(முத்துக்கனி ஏன் இதைச் செய்தாள்? கதைக்காரியாக எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. வாய் பேசாத தம்பி ஒருவனை அவளுக்கு உண்டாக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தான், ஆனால் அவளுக்குத் தம்பியே கிடையாது. நேராகவே கேட்டேன். "என் பயிற்சியில முழிச்சிருந்து ஒரு கேள்வி கேட்டது அவரு ஒருத்தருதான மேடம். மத்த எல்லாரும் தூங்குனிய" என்றாள். தம்பியை எடுத்துவிட்டேன்.)

அதன் பிறகு மத்தியானங்களில் ஆய்வகத்தில் அவருக்குத் தட்டச்சுப் பழக்கினாள். ஒற்றை விரல். 'ழ' எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் பாண்டியர் ஆட்சியே முடிந்துவிடும்.

5

முதல் வகுப்பு. பின்னால் பெரிய திரை. முன்னால் மேசையில் மடிக்கணினி. பிள்ளைகள் எல்லாருடைய போனிலும் அதே கோப்பு. அவர் தட்டினால் திரையில் தெரியும். பிள்ளைகளும் கீழே எழுதலாம். முத்துக்கனி கடைசி பெஞ்சில் இருந்தாள்.

அவருக்கு ஒன்று மட்டும் பிடிபட்டிருக்கவில்லை. தட்டி அழித்துவிட்டால் அது தனக்குள்ளேயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். விசைப்பலகையைப் பார்த்துக் குனிந்தவர் நிமிரவேயில்லை. அவருக்குப் பின்னால் ஒவ்வொன்றும் ஆளுயர எழுத்தில் வந்து வந்து மறைந்தது.

வணக்கம்.

என் குரலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள் (அழித்தார்)

இனிமேல் நான் (அழித்தார்)

நான் நல்லாத்தான் இருக்கேன் (அழித்தார்)

எனக்குப் பயமா இருக்கு

இது மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுத்து எழுத்தாகப் பின்னால் போய், இல்லாமல் ஆயிற்று.

வெறுமையான அந்த இடத்தில், அவர் தொடாமலே ஒரு வரி வந்தது.

எனக்கும்தான் சார்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பித் திரையைப் பார்த்தார். அப்போதுதான் எல்லாம் புரிந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் டயானா என்று பெயர் இருந்தது. திரேஸ்புரத்துப் பிள்ளை, அப்பா படகுக்குப் போகிறவர். வருகைப் பதிவின்போது தவிர அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவள் தொடர்ந்து எழுதினாள்:

முதல் வருஷத்துலருந்து ஒரு கேள்வி கேக்கணும்னு நெனச்சேன். உங்க சத்தத்துக்கு முன்னால என் சத்தம் எழும்பல சார்.

அவர் நின்றபடியே ஒற்றை விரலால் தட்டினார்: இப்ப கேளு.

முத்துக்குளிச்சவங்க பேரு எங்கயாவது எழுதியிருக்கா சார்? பாண்டியன் பேரு இருக்கு, போர்ச்சுகீசியன் பேரு இருக்கு. தண்ணிக்குள்ள முங்குனது எங்க ஆளுங்கதான?

அவர் ஏதோ தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார்: எனக்குத் தெரியல. இதை அழிக்கவில்லை. அதன் கீழே: சேந்து தேடுவோம்.

பிறகு கேள்விகள் ஒன்றின் தலையில் ஒன்றாக வந்து விழுந்தன. ஒருவன் கேட்டான்: "சார், நீங்க தப்பாத் தட்டுனத நாங்க திருத்தலாமா?" அவர் பதில்: "மார்க்கைத் தவிர எத வேணும்னாலும் திருத்துங்க."

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு இது எதுவும் தெரியாது. நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று அந்த வகுப்பு மொத்தமும் சிரித்தது. நான் பாடத்தை நிறுத்தினேன். என் பிள்ளைகளும் சுவரையே பார்த்தார்கள்.

[இத நீங்க சந்தோஷமா எழுதியிருக்கிய. எனக்கு அது சந்தோஷம் மட்டும் இல்ல. நல்லாப் பாடம் எடுக்கேன்னு நெனச்சுக்கிட்டு இத்தன காலமும் எத்தன பிள்ளைக சத்தத்த அமுக்கி வச்சிருந்தேனோ. அதையும் எழுதுங்க.]

எழுதிவிட்டேன் சார்.

6

ராஜதுரை பார்க்க வந்த நாளில் இணையம் போய்விட்டது. சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள்.

இதற்கு நான் எழுதிய முதல் வடிவம்: திரை உறைகிறது, பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, அவர் இதுவரை எழுதிய பாடத்தை மனப்பாடமாக உரக்கச் சொல்கிறார்கள், முதல்வர் கண்ணைத் துடைக்கிறார்.

[சினிமா.]

நடந்தது இது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ராஜதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வன்னியபெருமாள் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் 'சற்றுப் பொறுக்கவும்' என்று எழுதினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

முத்துக்கனி மாடிப்படியில் ஓடிவந்தாள். அந்த அறையில் துறைமுகத்தைப் பார்த்த ஒரு ஜன்னலில்தான் அவளுடைய போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அதுவும் கையை வெளியே நீட்டினால். போனின் இணையத்தை மடிக்கணினிக்கும் வகுப்புக்கும் பகிர்ந்துவிட்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வட்டம் நின்றது. பாடம் ஓடியது. கை வலித்தபோதெல்லாம் மறு கையை நீட்டினாள்; அந்த ஓர் இமைப்பில் திரை தடுமாறும், பிள்ளைகள் "அக்கா!" என்பார்கள்.

நடுவில் ராஜதுரை உரக்கக் கேட்டார்: "அந்தக் காலத்துல முத்துக் குளிக்கிறவங்க முத்தைத் திருடுவாங்களா சார்?"

முன்பெஞ்சுப் பையன் திரும்பினான். "சார், டைப் பண்ணுங்க. அப்பத்தான எல்லாரும் பாக்க முடியும்."

முதல்வர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைத் தூரப் பிடித்துத் தட்டினார். வன்னியபெருமாள் விரலைத் தூக்குவதற்கு முன்பே டயானாவின் வரி வந்துவிட்டது: "கடல் யாருதுன்னு மொதல்ல சொல்லுங்க சார். அப்புறம் திருட்டப் பத்திப் பேசலாம்." ராஜதுரை அதை இரண்டு தரம் படித்தார். சிரித்துவிட்டார்.

மணி அடித்தது. வெளியே போகும்போது ஜன்னல் பக்கம் நின்றார். "கைய உள்ள எடும்மா. முடிஞ்சுது."

வன்னியபெருமாளிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்த செமஸ்டர் நீங்களே எடுங்க சார். அடுத்த வருஷத்துக்கு நிர்வாகக் குழு கூடித்தான் சொல்லணும். நான் சொல்லவேண்டியத அங்க சொல்லுதேன்."

7

அந்தக் குழு இன்னும் கூடவில்லை. கூடும்வரை காத்திருந்து எழுதலாம் என்று பார்த்தேன். பொறுமையில்லாமல் இரண்டு முடிவுகளை எழுதி வைத்தேன். ஒன்றில், அவரே தொடரலாம் என்று உத்தரவு வருகிறது. சந்தனச்செல்வி கல்லூரி முழுவதற்கும் அல்வா அனுப்புகிறாள். மற்றதில், உத்தரவு வேறு மாதிரி வருகிறது. அவர் ஆபீஸ் அறையில் பழைய கோப்புகளுக்கு நடுவே உட்காருகிறார். பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள்.

இன்று காலை கோப்பைத் திறந்தபோது இரண்டும் இல்லை. அழித்தது யாரென்று தேடவேண்டியதில்லை. திரும்பக் கொண்டுவரும் வழியை முத்துக்கனி எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் கொண்டுவரவில்லை. அவை இருந்த இடத்தில் இது இருந்தது:

[அவங்க கூடட்டும், கூடாமப் போகட்டும். நீங்க ஏன் அவசரப்படுதிய? இன்னிக்கு எனக்கு மொத மணி வகுப்பு. சந்தனச்செல்வி சட்டையத் தேச்சு வச்சுட்டு வாசல்ல நின்னு கூப்பிடுதா. நான் கெளம்புதேன் மேடம்.]

வாசகரே, அந்தக் குழுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய் உட்காருங்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். உத்தரவை நீங்கள் எழுதவேண்டும்.

என்ன எழுதுவீர்களோ தெரியாது. அவர் இந்நேரம் பாதி வழி வந்திருப்பார். எனக்கும் மணி அடிக்கப் போகிறது.