நான் நிறுத்திய இடம்

பேனா போய்க்கொண்டே இருக்கிறது, நான் பேசி நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது, மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது, மங்களா டீச்சர் அதை இடது கையால் அழுத்திக்கொண்டு வலது கையால் எழுதுகிறார், நீல மசி வரிவரியாக இறங்குவதை நான் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறேன், நான் சொன்னது மூன்று வரிக்கு மேல் வராது, வேலூரில் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொடுத்தார்கள், நெற்றியில் குறி வைக்கக்கூடாது, காதில் கடுக்கன் போடக்கூடாது என்றார்கள், தங்கள் உடம்பில் இருந்ததைக் கழற்றச் சொன்னதும் அவர்களுக்கு ஆத்திரம் வந்துவிட்டது, அவ்வளவுதான் சொன்னேன், மிச்சத்தை மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன், தேடி எடுப்பதற்குள் அரைப் பக்கம் நிறைந்துவிட்டது. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறவள் நான், முப்பத்தாறு வயது, டிஸ்லெக்சியா என்று சான்றிதழ் இருப்பதால் எனக்கென்று தனி அறை, நான் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு டீச்சர், சொன்னதைத்தான் எழுத வேண்டும், ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று கண்காணிப்பாளர் காலையில் விதிகளைப் படித்துவிட்டு வாசல் நாற்காலிக்குப் போய்விட்டார், அங்கிருந்து அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிகிறது, நான் அந்தச் செருப்பையும் பேனாவையும் மாறி மாறிப் பார்க்கிறேன், டீச்சர், நான் இன்னும் சொல்லலையே என்று நாக்கு நுனிவரைக்கும் வருகிறது, வந்து நிற்கிறது.

அடுத்து, என்று ஒரு குரல் கேட்கிறது, அது இந்த அறையின் குரல் இல்லை, நாலாம் வகுப்பில் வரிசையாக எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்லும்போது கேட்ட குரல், முதலில் அடித்துப் பார்த்தார்கள், முட்டி போட வைத்தார்கள், அப்போதெல்லாம் எனக்கு இவ்வளவு கூசவில்லை, ஒரு வரியின் பாதியில் கண் வழுக்கி இன்னொரு வரியின் நடுவில் போய் விழும், விழுந்த இடத்திலிருந்து எதையாவது உளறுவேன், பிள்ளைகள் சிரிக்கும், நானும் சிரிப்பேன், பிறகு நல்ல மனசுள்ள ஒரு டீச்சர் வந்தார், என் முறை வரும்போது என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்து என்று பக்கத்துப் பெண்ணைக் கை காட்டிவிடுவார், அந்த வருஷம் முழுக்க ஒரு வரிகூட என்னை வாசிக்கச் சொல்லவில்லை, அன்பாகத்தான் செய்தார், அந்த அன்புக்குப் பிறகுதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

சின்னக்கடை வீதியில் புடவைக் கடையில் வேலை, அட்டைப்பெட்டி ஓரத்து நிறத்தை வைத்தே எந்த ஊர்ப் புடவை என்று எடுத்துப் போடுவேன், எனக்கு வாசிக்க வராது என்று யாருக்கும் தெரியாது, என் வீட்டுக்காரர் பெலிக்ஸுக்குக்கூடத் தெரியாது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன், மகனுக்கும் படிப்பு ஏறவில்லை என்று பள்ளியில் அனுப்பிவைத்துத்தான் உறையூரில் அந்த இடத்துக்குப் போனோம், பிசியோதெரபி கிளினிக், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, டாக்டர் சாவியைக் கொடுத்துவிடுவார், அன்று ஒரு நாள் மட்டும் அது ‘கூடப் படிப்போம்’ என்ற பெயரில் எழுத்து ஏறாத பிள்ளைகளுக்கான இடமாகிவிடும், வங்கியில் வேலை பார்க்கிறவர், கல்லூரிப் பெண், ஓய்வு பெற்ற மங்களா டீச்சர் என்று யார் யாரோ சம்பளம் இல்லாமல் வந்து உட்காருவார்கள், நோயாளிகள் நடை பழகும் இரும்புக் கம்பிகளில் பிள்ளைகள் தொங்கும், தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுத்துப் போடும், டீச்சர் என் மகனைப் பற்றி விளக்குகிறார், இது சோம்பேறித்தனம் இல்லைம்மா, புத்தி மந்தமும் இல்லை, மூளை எழுத்தை வாங்குற விதம் வேற, அவர் அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஏன்மா அழுவுற என்றார், அவரே புரிந்துகொண்டு இன்னொரு தட்டில் ரவையைக் கொட்டி என் பக்கம் நகர்த்தினார்.

அந்தத் தட்டை நகர்த்தியவர்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார், இரண்டு வருஷம் எனக்குப் பாடத்தை வாசித்துக் காட்டியவர், முட்டி வலியோடு மூன்று பேருந்து மாறி வந்தவர், பள்ளிக்கூட வாசலில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ரெண்டு சாப்பிட்டுட்டுப் போ என்றவர், மணி அடித்து வெளியே வந்ததும் நான் விலகி நடப்பதைப் பார்த்துவிட்டு, எல்லாம் நீ சொன்னதுதான்மா, நான் கொஞ்சம் கோர்வையா எழுதினேன், அவ்வளவுதான் என்றார், நான் தலையாட்டினேன், ஆட்டியிருக்கக்கூடாது, ஆனால் அந்தக் கையைப் பார்த்து எப்படிக் கேட்பது, அன்றிரவு கனவில் பேனா தாளைத் தாண்டி மேசையில் எழுதியது, மேசையைத் தாண்டி என் முழங்கையில் ஏறியது, என்ன எழுதுகிறது என்று வாசிக்கப் பார்க்கிறேன், கண் வழுக்குகிறது.

முடிவு வந்தது, எல்லாவற்றிலும் தேறிவிட்டேன், மற்றதெல்லாம் நாற்பதை ஒட்டி, டீச்சர் எழுதிய சமூக அறிவியல் மட்டும் எழுபத்தெட்டு, பெலிக்ஸ் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார், கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த என் படம், பின்னால் சூரியன் உதிக்கிறது, கீழே அவருடைய குட்டியானை லோடு வண்டி ஸ்டாண்ட் நண்பர்கள் பத்துப் பேர் கைகூப்பி நிற்கிறார்கள், காலையில் வேலைக்குப் போகும்போது நின்று எழுத்துக்கூட்டி வாசித்தேன், சா, த, னை, டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, என்னக்கா, உங்க பேரை நீங்களே மனப்பாடம் பண்றீங்களா என்றார், சிரித்தேன், எழுபத்தெட்டு மட்டும் பெரிதாகச் சிவப்பில் இருந்தது, அதை வாசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. அந்த எழுபத்தெட்டுக்குள் என்னுடையது எத்தனை, இருபதா, நாற்பதா, நான் சொன்ன மூன்று வரிக்கு யாராவது ஒரு மதிப்பெண்ணாவது போட்டிருப்பார்களா, இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை, கடையில் முதலாளி மாடிப் பொறுப்பை உனக்கே தரலாம்னு இருக்கேன் என்கிறார், சந்தோஷம் என்கிறேன், ஃபிளெக்ஸுக்கு அடியில் போகாமல் சுற்று வழியில் வீட்டுக்கு வருகிறேன், ஏன் இவ்வளவு நேரம் என்கிறார் பெலிக்ஸ், கூட்டம் என்கிறேன்.

இப்போது கிளினிக்கில் என் தோளில் பொன்னாடை, புதிதாக வந்த பெற்றோர் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள், பெலிக்ஸ் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார், மங்களா டீச்சர் என் பக்கத்தில் நின்று ரிஸ்வானாவை முன்னால் அழைக்கிறார், அடுத்த மாதம் பத்தாவது எழுதப்போகிற பெண், அவளுக்கும் டீச்சர்தான் எழுதப்போகிறார், ராத்திரி தூங்க மாட்டேங்கிறா, பயப்படாதேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லும்மா என்கிறார், ரிஸ்வானா நகத்தைக் கடித்தபடி என்னைப் பார்க்கிறாள், அக்கா, நான் பாதியில நின்னுட்டாலும் டீச்சர் பார்த்து எழுதிருவாங்கல்ல, உங்களுக்கு எழுதின மாதிரி.

எல்லோரும் சிரித்தார்கள், ஒன்றும் தெரியாமல் சிரித்தார்கள், டீச்சர் சிரிக்கவில்லை, அப்படியானால் அவளுக்கு யாரோ நம்பிக்கை கொடுத்திருக்கிறார்கள், யார் என்று நான் பார்க்காமலே தெரிந்தது, பொன்னாடையின் சரிகை கழுத்தை அறுத்தது, ஆமாம் என்று சொன்னால் போதும், பிள்ளை இன்றைக்குத் தூங்கும், தூங்கி எழுந்து, பாஸாகி, வாழ்நாள் முழுக்க சுற்று வழியில் வீட்டுக்குப் போகும், பெலிக்ஸ் பேசு பேசு என்று கையசைக்கிறார், நான் ரிஸ்வானாவைப் பார்த்துச் சொன்னேன். எழுதிருவாங்க, ஆனா நீ விடாத. நீ நிறுத்துற இடத்துல பேனா நிக்கணும். நிக்கலைன்னா டீச்சர்னு பாக்காம கையைப் புடிச்சிரு. நான் புடிக்கல. அந்த எழுபத்தெட்டுல என்னோடது எத்தனைன்னு எனக்குத் தெரியாது.

பெலிக்ஸ் கைப்பேசியை இறக்கிவிட்டார், அதைச் சட்டைப்பைக்குள் போட இரண்டு தடவை தடவினார், ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார், சொல்லிவிட்டால் கூச்சம் குறைந்துவிடும் என்று இருந்தேன், குறையவில்லை, டீச்சரையும் என்னோடு இழுத்து வந்து எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட்டேன், அவர் மெதுவாக நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார், நீ ஃபெயிலாயிட்டா திரும்ப வர மாட்டியோன்னு இருந்துச்சும்மா என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில், வந்திருப்பேன் டீச்சர் என்றேன், அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

யாரும் எழுந்து போகவில்லை, யாரும் கை தட்டவும் இல்லை, ரிஸ்வானாதான் தன் பையிலிருந்து மாதிரி வினாத்தாளை எடுத்து வந்து டீச்சருக்கு எதிரில் உட்கார்ந்தாள், போடலாமா டீச்சர் என்றாள், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார், கேள்வியை வாசித்தார், அவள் சொல்லத் தொடங்கினாள், ஒரு வரி, இன்னொரு வரியில் பாதி, நின்றுவிட்டாள், பேனா நின்றது, டீச்சரின் உதடு துடிப்பதைப் பார்த்தேன், பதில் அங்கே முழுசாக வந்து நிற்கிறது, அவர் அதை விழுங்குகிறார், தாளில் அந்தப் பாதி வரிக்குப் பிறகு வெள்ளையாகக் கிடக்கிறது, ரிஸ்வானா கண்ணை மூடிக்கொண்டு தேடுகிறாள், நாங்கள் எல்லோரும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறோம்.