சதுர அடைப்புக்குள் ஒரு பேரு

எனக்குக் கோவம் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லட்டும். இருநூத்தி நாப்பது எடத்துல சாய்கோட்ட எடுத்துட்டு சதுர அடைப்பு போட்டவளுக்குக் கோவம் வராம வேற இன்னா வரும்?

வெவரமா சொல்றேன். எம்பத்தாறாம் வருஷம். ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்துல, மலை மேல ஒரு மழை ஆராய்ச்சி நிலையத்துல நான் புரோகிராம் எழுதற வேலையில இருந்தேன். பேரு வடிவு, ஊரு கீழ சந்தவாசல். மலையில பதினாலு எடத்துல மழமானி வெச்சிருந்தோம். ஒவ்வொன்னுக்கும் உள்ளூர்க்காரரு ஒருத்தரு. தெனம் காலையில எட்டரைக்கு அளந்து எங்களுக்குத் தெரியப்படுத்தணும். அதுக்கு முந்தின தீபாவளி சமயத்துலதான் கம்ப்யூட்டர் வந்துது. பீரோ கணக்கா ஒரு மெஷினு. அதுக்கு ஏசி ரூம்பு, எங்களுக்கு ஓடாத ஃபேனு.

புரோகிராம் பெங்களூர்லேர்ந்து டேப்புல வந்துது. அங்க இருந்தது யூனிக்ஸ் மெஷினு. ஒரு ஃபைலு எங்க இருக்குதுன்னு சொல்லணும்னா சாய்கோடு, பேரு, சாய்கோடு, பேருன்னு போட்டுகினே போனா போதும். எங்க மெஷினுது வி.எம்.எஸ். அதுக்கு மரியாத வேணும். மொதல்ல டிஸ்க்கு பேரு, முக்காப்புள்ளி. அப்பறம் சதுர அடைப்பத் தொறந்து, ஃபைலுங்கள போட்டு வெக்கிற டைரக்டரி பேரு, ஒரு புள்ளி, அதுக்குள்ள இருக்கிற டைரக்டரி பேரு, அடைப்ப மூடு. அதுக்கப்பறந்தான் ஃபைலு பேரே வரும். கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ள பேரு வர்றதுக்குள்ள தாத்தாவுலேர்ந்து ஆரம்பிப்பாங்களே, அந்த மாதிரி. கடைசியில அரைப்புள்ளி போட்டு ஒரு நம்பரு. இன்னிக்கு ஒரு ஃபைல தொறந்து மாத்தி வெச்சா நேத்து இருந்தது போவாது. நேத்தையது ஒன்னு, இன்னியது ரெண்டுன்னு அடுக்கி வெச்சிகினே இருக்கும். நாமளா அழிச்சாதான் போவும்.

இருநூத்தி நாப்பது எடத்தையும் நானே மாத்தினேன். ஆளுக்கொரு டைரக்டரி, அதுக்குள்ள மாசத்துக்கொரு ஃபைலு. அருணகிரி, சின்னதம்பி, துரைக்கண்ணுன்னு பதினாலு பேரையும் லிஸ்ட்டா எழுதி, இந்தப் பேர்ல டைரக்டரி தொறன்னு மங்கம்மா கையில குடுத்தேன். மங்கம்மா எங்க டைப்பிங் ஆளு. மலைக்காரப் பொண்ணு, பத்தாவது பாஸ், விரலு பறக்கும். பதினாலு பேர்ல ஒருத்தரு ரங்கசாமி, அவ வூட்டுக்காரரு. மத்தவங்க போஸ்ட் கார்டு எழுதிப் போடுவாங்க. இவரு ஏன் கார்டு வாங்கணும்? காலையில அளந்துட்டு சாமைக் கொல்லைக்குப் போறப்பவே பொண்டாட்டி கிட்ட வாயால சொல்லிடுவாரு. அவ மனசுல வெச்சிகினு வந்து அடிச்சிடுவா.

ஜூலையில மொதல் அரையாண்டு ரிப்போர்ட்டு போச்சி. பத்து நாள்ல மெட்ராஸ் ஆபீஸ்லேர்ந்து கடுதாசி. சூப்பரண்டு பஞ்சாட்சரம் சார் படிச்சிட்டு எங்கிட்ட நீட்டினாரு. ரங்கசாமி மழமானியில ஆறு மாசமா சைபரு. ஆளு அளக்காம தூங்கிட்டான். வர்ற வெள்ளிக்கெழம ஆபீசரு வர்றாரு, மழமானியக் கழட்டறாரு, ஆளையும் நிறுத்தறாரு.

கடுதாசி விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே ரங்கசாமி வந்துட்டாரு. தோள்ல துண்டு, கால்ல மண்ணு. உக்காருங்கன்னா உக்காரல.

"மேடம், மே மாசம் ஆலங்கட்டி மழ பேஞ்சிதே, உங்க ஆபீஸ் ஓடெல்லாம் ஒடஞ்சிதே. அந்த மழ எனக்கு மட்டும் பெய்யலியா? தலையில கூடைய கவுத்துகினு போய் அளந்தேன். வேல போனா போவட்டும். தூங்கிட்டான்னு எழுதியிருக்காங்களே, அத்த எப்டி நான் ஊர்ல போய் சொல்லுவேன்?"

அவரு கண்ணு கலங்கிட்டுது. எனக்கு மனசு கேக்கல. மங்கம்மாவைப் பாத்தேன். அவ தலைய குனிஞ்சிகினு, "நான் தெனம் அடிச்சேன்க்கா. ஒரு நாள்கூட உடல"ன்னா.

பஞ்சாட்சரம் சாரு மெதுவா என் பக்கம் திரும்புனாரு. "வடிவு, எங்கியாச்சும் ஒரு அடைப்பு உட்டுப் போயிருக்கும். பாரும்மா."

வந்துதே கோவம்! என் அடைப்பா? நான் அடைப்பு உடுவேனா? அன்னியிலேர்ந்து புரோகிராம கட்டுக்கட்டா பிரிண்டு எடுத்து தரையில பரப்பி, செவப்புப் பேனா வெச்சிகினு ஒவ்வொரு அடைப்பா டிக் போட்டேன். தொறந்துதா, மூடுச்சா. தொறந்துதா, மூடுச்சா. மூனு நாளு. மங்கம்மா ரெண்டு தபா வந்து, "யக்கா, நான் அடிச்சது இங்க இருக்குது, வந்து பாரு"ன்னா. "நீ கம்முனு இரு, எண்ணிகினு இருக்கேன்ல"ன்னு வெரட்டிட்டேன். இருநூத்தி நாப்பதும் சரியா இருந்துது. எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வயித்தெரிச்சல்.

வியாழக்கெழம மத்தியானம் மூனாவது தபா வந்தவ, என் கையப் புடிச்சி இழுத்துகினு போய் அவ சீட்ல உக்கார வெச்சிட்டா. ஸ்கிரீன்ல மே மாசம் ஓடுது. ஆலங்கட்டி மழ அன்னிக்கு அறுபத்தி எட்டு புள்ளி ரெண்டு. எல்லா மழையும் பத்திரமா இருக்குது.

"இது எந்த டைரக்டரியில இருக்குது மங்கம்மா?"

நான் மொத்த லிஸ்ட்டையும் போட்டேன். அருணகிரி இருக்காரு, சின்னதம்பி இருக்காரு, துரைக்கண்ணு இருக்காரு. பதினாலுல பதிமூனு பேரு இருக்காங்க. ரங்கசாமி இல்ல. அவரு எடத்துல, இங்கிலீஷ் எழுத்துல, சதுர அடைப்புக்குள்ள லட்சணமா 'அவங்க'ன்னு இருக்குது.

"அவங்கன்னா எவங்கடி?"

"அவங்கதான்க்கா." மூஞ்சி செவந்துடுச்சி. "வூட்டுக்காரரு பேர சொன்னா ஆயுசு கொறையும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. வாயால சொல்றதே தப்பு. நீ தெனம் டைப்பு வேற அடிக்கச் சொன்ன."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னனே! லிஸ்ட்ல ஒரு பேர மட்டும் மாத்தி அடிச்சா மெஷினு ஏத்துக்குமான்னு கேட்டேன். எது அடிச்சாலும் ஏத்துக்கும், போடி அந்தாண்டன்னு எரிஞ்சி உழுந்த."

உழுந்திருப்பேன். என் கொணம் எனக்குத் தெரியாதா? அதவிடக் கேவலம் இன்னொன்னு இருக்குது, அதையும் சொல்லிடறேன். புரோகிராமு ரங்கசாமி டைரக்டரியத் தேடிப் போயிருக்குது. இல்ல. இல்லன்னா நின்னு கத்தணும். கம்ப்யூட்டர் தெறப்பு விழா அன்னிக்குப் பெரியவங்க முன்னாடி நின்னுட்டா மானம் போயிடுமேன்னு, 'ஃபைலு இல்லன்னா சைபரு போட்டுட்டு மேல போ'ன்னு எழுதி வெச்சதே நான்தான். அடைப்பெல்லாம் சரி. அந்த ஒரு வரிதான் மனுஷன ஆறு மாசமா தூங்க வெச்சிருக்குது.

"சரி, இப்ப உன் கையால பேர மாத்து"ன்னேன்.

"வேணாம்க்கா. வேல போனா போவட்டும். அவங்க இருந்தா போதும் எனக்கு."

அதுக்கு மேல அவளை இன்னா சொல்றது? நானே மாத்தினேன். மாத்தறதுக்கு முன்னாடி 'அவங்க' டைரக்டரிய ஆபீசருக்குக் காட்டறதுக்காக ஒரு பிரிண்டு எடுத்து வெச்சிகினேன். ஆனா நாளைக்கும் மழ பெய்யுமே, நாளைக்கும் இவ அடிக்கணுமே. அதுக்கும் அந்த மெஷின்ல ஒரு வழி இருந்துது. நீட்டமா அடைப்பெல்லாம் போட்டு எழுதற எடத்துக்குச் சுருக்கமா ஒரு பட்டப்பேரு வெச்சிக்கலாம். நாம பட்டப்பேர அடிச்சா, மெஷினு நெஜப் பேர எடுத்துக்கும். ரங்கசாமி டைரக்டரிக்கு 'அவங்க'ன்னு பட்டப்பேரு வெச்சேன். இனிமே அவ அவங்கன்னு அடிக்கட்டும், மழ ரங்கசாமிக்குப் போவட்டும். மங்கம்மாவுக்கு அந்த மெஷின் மேல அன்னிக்குத்தான் மரியாதையே வந்துது.

வெள்ளிக்கெழம ஜீப்புல ஆபீசரு கோபால்சாமி வந்தாரு. கூடவே மழமானியக் கழட்ட ஸ்பானரோட ஒரு ஆளு. ரங்கசாமி வாசப்படியில நின்னாரு. நான் நடந்ததெல்லாம் சொன்னேன், அந்த சைபரு வரி உட்பட. ஆபீசரு சிரிக்கல.

"போஸ்ட் கார்டு இருக்குதா?"

"இல்ல சார், வாயால சொல்லுவாரு."

"புருஷன் வாயால சொன்னது, பொண்டாட்டி அடிச்சது. ஒரு துண்டுக் காயிதம் கெடையாது. கடுதாசி வந்தப்பறம் உக்காந்து ஆறு மாச மழையையும் ரெண்டு பேரும் சேந்து அடிச்சிருந்தா? எனக்கு எப்டிம்மா தெரியும்?" மங்கம்மா பக்கம் திரும்புனாரு. "அடிச்சது நீதான? இது யாரோட கணக்கு? நீயே சொல்லு."

நான் வாயத் தொறந்தேன். "நீங்க சொல்லாதீங்க"ன்னு கையக் காட்டிட்டாரு. மங்கம்மா ஆபீசரப் பாத்தா, வாசப்படியப் பாத்தா. அப்பறம் சீட்ல உக்காந்து, தேதியோட லிஸ்ட்டு போடுன்னு அடிச்சி, பக்கத்துல 'அவங்க'ன்னு அடிச்சா. அந்த மெஷினு லிஸ்ட்டு போட்டா மொதல் வரியில எப்பவும் நெஜப் பேரத்தான் போடும். டிஸ்க்கு, முக்காப்புள்ளி, சதுர அடைப்பு, அதுக்குள்ள ரங்கசாமி. மங்கம்மா விரல நீட்டி ஸ்கிரீனக் காட்டிட்டு மூஞ்ச திருப்பிகினா.

ஆபீசரு குனிஞ்சி பாத்தாரு. ஜனவரி ஃபைலு, நம்பரு ஒன்னு, தேதி ஒன்னாந்தேதி. நம்பரு ரெண்டு, ரெண்டாந்தேதி. மூனு, மூனாந்தேதி. முப்பத்தொன்னு வரைக்கும் ஓடுச்சி. அப்பறம் பிப்ரவரி, இருவத்தெட்டு. மார்ச்சு. நிக்காம ஏறிகினே போச்சி. ஒவ்வொன்னையும் எப்ப அடிச்சதுன்னு மெஷினே தேதி நேரத்தோட எழுதி வெச்சிருக்குது. ஜூன் முடியறப்ப மொத்தம் நூத்தி எம்பத்தொன்னு. ஒரு நாளு கொறையல.

எனக்கே அப்பதான் ஒறச்சிது. டிஸ்க்குல எடம் இல்லன்னு பஞ்சாட்சரம் சாரு சனிக்கெழம சனிக்கெழம மங்கம்மாகிட்ட பழைய நம்பரெல்லாம் அழிக்கச் சொல்லுவாரு. மத்த பதிமூனு டைரக்டரியில அழிச்சிதான் இருந்துது, ஃபைலுக்குக் கடைசி நம்பரு மட்டும் பாக்கி.

ஆபீசரும் அதத்தான் கேட்டாரு. "மத்தவங்களுதெல்லாம் அழிச்சிருக்க. இத மட்டும் ஏன் அழிக்கல?"

மங்கம்மா குரலு கீச்சின்னு வந்துது. "அழின்னு அடிச்சி, அதுக்குப் பக்கத்துல அவங்கள எப்டி சார் போடறது? கை வரல."

பஞ்சாட்சரம் சாரு தொண்டையக் கனைச்சிகினாரு. எடம் இல்ல எடம் இல்லன்னு ஆறு மாசமா அவர் போட்ட சத்தத்துக்குக் காரணம் இப்ப தெரிஞ்சி போச்சே.

கோபால்சாமி கையில இருந்த உத்தரவ நாலா மடிச்சிப் பையில போட்டுகினாரு. ஸ்பானர்காரன ஜீப்புக்குப் போவச் சொன்னாரு. போறப்ப எங்கிட்ட நின்னாரு. "மேடம், ஃபைலு இல்லன்னா சைபரு இல்ல. ஃபைலு இல்லன்னா ஃபைலு இல்ல. அந்த வரிய இன்னிக்கே மாத்துங்க." வேற யாராச்சும் சொல்லியிருந்தா ஒரு கை பாத்திருப்பேன். சரிங்க சார்னேன்.

ஜீப்பு கெளம்புன பொறவு ரங்கசாமி உள்ள வந்தாரு. எம் மேசையில கெடந்த பழைய பிரிண்ட எடுத்துப் பாத்தாரு. ஆறு தாளு, ஒவ்வொரு தாளு தலையிலயும் ஒரே வார்த்த.

"இது இன்னா மேடம் எழுதிக்கிது?"

"அவங்க."

"யாரு அவங்க?"

"நீங்கதான். ஆறு மாசமா தெனம் அப்டித்தான் அடிச்சிருக்கா."

அவரு தாள ஒரு தபா பொரட்டிப் பாத்தாரு. பொண்டாட்டியப் பாத்தாரு. அவ திரும்பவேயில்ல, இன்னிக்கு மழைய அடிச்சிகினு இருந்தா.

"வூட்ல யோவ்தான் மேடம். 'யோவ் ஆட்டக் கட்டு', 'யோவ் எங்க போய் தொலஞ்ச'. பதினோரு வருஷமா எனக்குக் குடுக்காத மரியாதைய இங்க வந்து மெஷின்கிட்ட குடுத்துகினு இருந்திருக்கா." தாள மடிச்சி சொக்காப் பையில பத்திரமா வெச்சிகினாரு. "இனிமே யோவ்னு சொல்லட்டும், இத எடுத்துக் காட்றேன்."

மங்கம்மா தட்டறத நிறுத்தல.

"காட்டுய்யா, பாப்போம்"ன்னா.