ஒத்திகையில் இல்லாத பிள்ளை

உம்மா றிபாவின் பர்தாவுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பாடசாலை அதிபர் றஸாக் சேர்தான்.

"இண்டைக்குச் சுனாமி ஒத்திகை. புள்ளைய அனுப்ப வேணாம். பாவம், மாடியேறக் கஷ்டப்படும்."

"ஓம் சேர். அல்லாஹ் உங்களுக்கு நல்ல கிருபை செய்யட்டும்," என்றாள் உம்மா.

குத்திய ஊசி கழற்றப்பட்டது. பிறப்பிலேயே கால்களுக்கு வலுவில்லாத றிபாவுக்குப் பதினொரு வயது. சக்கர நாற்காலியில்தான் ஆறாம் தரத்துக்குப் போய்வந்தாள். பாடசாலைக்கும் கடலுக்கும் இடையில் ஒரு வீதியும் சில தென்னைகளும் மட்டுமே. ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை, இரண்டுக்கும் இந்த இரக்கம் தவறாமல் கிடைத்தது. மற்ற முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் மூன்றே நிமிடத்தில் மேல்மாடிக்கு ஏறினார்கள். பார்க்க வந்த அதிகாரிகள் கைதட்டி, ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கணித பாடத்தின் நடுவில் சைரன் ஊளையிட்டது. ஒத்திகை என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. டீச்சரின் முகம் வெளிறியது.

எல்லாரும் பழகியபடியே செய்தார்கள். டீச்சருக்குப் பின்னால் வரிசையில் போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைசியாகப் போகிறவர், வகுப்பு காலி என்பதற்கு அடையாளமாகக் கதவைச் சாத்த வேண்டும். கடைசியாகப் போனவள் றிபாவின் பக்கத்து மேசை அப்னா. அழுதுகொண்டே, மிகச் சரியாகக் கதவைச் சாத்தினாள்.

றிபா கூப்பிட்டாள். சைரன் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான கால்கள் தடதடத்தன. பிறகு அதுவும் அடங்கியது.

நாற்காலியை உருட்டினாள். பிள்ளைகள் உட்காரும் வாங்கின் காலில் சக்கரம் சிக்கியது. இழுத்த இழுப்பில் கீழே விழுந்தாள். முழங்கைகளை ஊன்றி ஊர்ந்து கதவடிக்குப் போனாள். கைப்பிடி எட்டவில்லை. கதவின் அடியில் விரலளவு வெளிச்சம் தெரிந்தது. தண்ணீர் வந்தால் முதலில் அந்த வழியாகத்தான் வரும். றிபா கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யா அல்லாஹ், எங்கட உம்மாவ ஆராவது மேல ஏத்திடணும்," என்று முணுமுணுத்தாள்.

மேல்மாடியில் றஸாக் சேர் பிள்ளைகளின் பெயர்கள் உள்ள இடாப்பை வாசித்தார். ஒத்திகைக்கென்றே எழுதிய இடாப்பு. ஒரு பெயரும் குறையவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். எல்லாரும் வந்திட்டம்."

"இல்ல சேர். றிபா கீழ," என்றாள் அப்னா.

சேர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "அவட பேர் இதில இல்லியேகா."

"பேர் இல்லாட்டியும் ஆள் இரிக்கிதானே சேர்."

சேர் படிகளில் ஓடினார். பாதியில் சைரன் நின்றது. ஏதோ பழுதாம், கடல் வரவில்லையாம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தது. அவர் கதவைத் தள்ளியபோது அது முழுதாகத் திறக்கவில்லை. அதன் பின்னால் றிபா கிடந்தாள்.

"ஒண்டுமில்ல மகள். சும்மா சைரன் பழுது. பயப்படாதீங்க."

றிபாவின் பற்கள் அடித்துக்கொண்டன. "கடல் வாற அண்டைக்கும் எனக்கு லீவு தருவீங்களா சேர்?"

சேர் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பாவம் பாவம் எண்டு சொல்லி, ஒரு புள்ளையக் கைவிடத்தான் நாம வருசத்துக்கு ரெண்டு தரம் பழகிரிக்கம். லீவு குடுத்த எண்ணம் என்டதான். நடக்க ஏலாத ஒராள் கீழ இருக்கக்குள்ள, எல்லாரும் தப்பிட்டம் எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது. இனி இடாப்பில முதல் பேர் றிபா. அவ மேல வராம ஒத்திகை முடியாது."

பிறகு அவளிடம் குனிந்து, இத்தனை ஆண்டுகளில் அந்தப் பாடசாலையில் யாரும் கேட்டிராததைக் கேட்டார்.

"உங்கள எப்பிடித் தூக்கினா நோகாது மகள்?"

றிபாவுக்கு நேற்றைய பயம் இன்னும் போகவில்லை.

"ரெண்டு பேர் தூக்கணும் சேர். ஒராள் முதுகப் பிடிக்கணும். அவசரப்படப்படாது."

அப்னா முதல் ஆளாக வரிசையை விட்டு வந்தாள்.