கல்யாண ரீல்

இருளப்பன் வாய்க்குத் தப்பிய படம் கிடையாது. ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சனிக்கிழமை தோறும் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். மறுநாள் கடை வாசலில் இவர் தீர்ப்பு. போலீஸ் படமா? அத்தனை பேரை அடித்தும் சட்டைப் பித்தான் ஒன்றுகூடத் தெறிக்கவில்லையே, மாலையைத் தையல்காரனுக்கல்லவா போட வேண்டும் என்பார். மாமியார் படமா? அந்தக் கண்ணீரை மலைக்குப் பாய்ச்சியிருந்தால் கொழுந்தாவது வந்திருக்கும். சாமி படத்தில் பாம்பு மட்டும் தேவலையாம்.

மனிதர் மெச்சியது ஒரே ஒரு படத்தை. அதைப் பார்த்தது, மனைவி தங்கம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த வருஷம்.

அன்றைக்கு இரண்டு தோட்டத்துக்கும் ஒரே படப்பெட்டி. பக்கத்துத் தோட்டத்தில் ஓடி முடிந்த ரீலை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். கல்யாண ரீல் வந்த மோட்டார் மழையில், சேற்றில் மாட்டிக்கொண்டது. பின்னால் வரவேண்டிய ரீல்கள் வேறு மோட்டாரில் முந்திக்கொண்டன. ஆப்பரேட்டரும் வந்ததை வந்தபடி ஓட்டிவிட்டார். கதாநாயகி காய்ச்சல் கண்டு செத்தாள். சனம் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் பட்டுச்சேலையில் வந்து, தாலி கட்டிக்கொண்டு சிரித்தாள். அதோடு படம் முடிந்தது.

திடலே ஊளையிட்டது. இருளப்பன் மட்டும் அசையவில்லை. ரீல் மாறிப்போச்சு என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. படம் எடுத்தவன் என்ன மடையனா, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறான் என்று சண்டைக்குப் போனார். தங்கம்மா போனபின் அன்றுதான் அவருக்குத் தூக்கம் என்று ஒன்று வந்தது.

வருஷங்கள் ஓடின. திடல் படம் நின்றுபோனது. லயத்து வீடுகளில் ஆளாளுக்கு டிவி வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள். இருளப்பனின் தீர்ப்பைக் கேட்க யாருமில்லை. வாய் நிறையப் பேச்சிருந்தும் கேட்க ஆளில்லாமல் கிடப்பது என்ன பிழைப்பு? அடுப்படியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளில் ஒரு தீபாவளிக்கு, பேக்டரி பிட்டர் குணாளன் வீட்டுக்கு வீடியோ டெக் வந்தது. தாப்பா டவுனிலிருந்து எடுத்துவந்த கேசட்டுகளில் அந்தப் படமும் இருந்தது. சேதி கேட்டதும் இருளப்பன் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். நடுவில் அழுதுவிடாதீர்கள், அவள் திரும்பி வருவாள் என்று பெண்களுக்கு முன்கூட்டியே தைரியம் சொன்னார்.

கல்யாணம் முதலிலேயே வந்துவிட்டது. அவருக்குச் சுருக்கென்றது. கடைசியில் இன்னொரு தடவை வரும் என்று காத்திருந்தார். பிறகு காய்ச்சல் வந்தது, அவள் செத்தாள், திரையில் வணக்கம் போட்டார்கள். குணாளன் எழுந்து சன்னலைத் திறந்தான்.

"இன்னும் ஒரு ரீலு இருக்கு லா," என்றார் இருளப்பன்.

"கேசட்டுல ஏது மாமா ரீலு? அவ்ளோதான் படம். அவ செத்துட்டா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பார். அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல் பெண்கள் தேத்தண்ணி கலக்க எழுந்து போனார்கள். தங்கம்மாவை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது அவருக்கு.

இருளப்பன் டெக்கைக் காட்டிக் கேட்டார்: "இதுல பின்னால சுத்தலாம்ல?"

"சுத்தலாம் மாமா."

"தாலி கட்டுற எடத்துக்குப் போ. அது முடிஞ்சதும் அடைச்சுரு."

குணாளன் பின்னால் சுற்றிப் போட்டான். அவள் பட்டுச்சேலையில் வந்தாள், சிரித்தாள். தாலி ஏறியதும் டெக்கை நிறுத்தினான்.

"இப்பதான் படம் முடிஞ்சிச்சு," என்று சொல்லிவிட்டு, இருளப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு பூட்டிக் கிடந்த தன் வீட்டுக்கு நடந்தார்.