மாட்ரிட்டில் ரமீரோ

அண்ணனின் எலும்பு கிடைத்துவிட்டதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நெலிதா மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். ரமீரோவை ராணுவ ஆட்சிக்காரர்கள் தூக்கிப்போய் முப்பத்தாறு வருஷம். துகுமான் மாகாணத்துக் கரும்புக் காட்டுக்கு நடுவே ஒரு பாழுங்கிணற்றில் கிடந்திருக்கிறான். அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் ஆய்வுக்கூடத்து அட்டைப்பெட்டியிலிருந்து மண்ணுக்குப் போவான். நெலிதாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் அம்மா எவுலோகியாவுக்கு மகன் சாகவே இல்லை. காணாமல் போனவர்கள் எல்லாம் ஐரோப்பாவில் சொகுசாக இருக்கிறார்கள் என்று ஆட்சிக்காரர்கள் அன்று கட்டிவிட்ட கதையை அவள் பிடித்த பிடி விடவில்லை. விடாமல் பார்த்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன்ட் வெனான்சியோ. ஞாயிறு தவறாமல் வருவார். மாட்ரிட்டில் யாரோ ரமீரோவைப் பார்த்ததாக ஒரு சேதி சொல்வார். அம்மா சுட்ட, கறி அடைத்த எம்பனாடாவில் ஆறை உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்புவார். வெட்கங்கெட்ட மனுஷன்.

இந்த ஞாயிறும் மூவரும் எலுமிச்சை மரத்து நிழலில் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே குடுக்கை, ஒரே குழல். அம்மா வெந்நீர் ஊற்றி ஊற்றி முறைவைத்துக் கொடுத்தாள்.

"அண்ணன் கிடைச்சிட்டாம்மா. எலும்ப என் ரத்தத்தோட ஒத்துப் பாத்துட்டாங்க, பொருந்துது. சின்னதுல மரத்துலேந்து விழுந்து தோள் எலும்பு ஒடஞ்சுதே, ஒட்டின அடையாளம்கூட இருக்கு."

"மரத்துலேந்து விழாத பையன் எவன்டி இந்த ஊர்ல?"

வெனான்சியோ சிரித்தார். "அரசியல் பண்ண இந்தத் தோண்டறவனுங்களுக்கு எலும்பு வேணும், எவுலோகியாம்மா. உங்க மகன் இப்ப தொந்தியும் தொப்பையுமா இருக்கானாம்."

நெலிதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காட்டவே கூடாது என்று வைத்திருந்த கோர்ட்டுக் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்துப் போட்டாள்.

"அண்ணன ஏத்திட்டுப் போன வண்டிய ஓட்டினது யாருன்னு இதுல போட்டிருக்கும்மா. இந்தாளுதான்! உன் கையால வாங்கித் திங்கறாரே, இவருதான்!"

மென்றுகொண்டிருந்த வெனான்சியோவின் வாய் நின்றது. அம்மா பெயரின் மேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். பொய் இன்றோடு ஒழிந்தது என்று நெலிதா நினைத்தாள்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு ஆசை.

"ஓட்டினது நீங்களா? இத்தன வருஷம் ஏன் சொல்லல? அப்ப அவன எங்க எறக்கிவிட்டீங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்!"

அவரே ஒரு கணம் ஆடிப்போனார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"புவெனோஸ் ஐரெஸ் ஏர்போர்ட்லதாம்மா. நானேதான் பெட்டியத் தூக்கிக் குடுத்தேன். வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு உத்தரவு."

"நீலச் சட்டையா போட்டிருந்தான்?"

"நீலம்தான்."

அம்மா அழுதாள், சிரித்தாள், குடுக்கையில் வெந்நீர் ஊற்றினாள். முறைப்படி அது நெலிதாவுக்கு. அவள் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைத் தாண்டி அவரிடம் கொடுத்தாள்.

"என் புள்ள செத்துட்டான்னு இன்னொரு தடவ சொன்னியோ, இந்த வீட்டுப் படி ஏறாத," என்றாள் மகளிடம். பிறகு அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பெட்டி கனமா இருந்துச்சா?"