ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று

சுபாஷ் அவள் தலைமுடியைக் கையில் சுற்றிச் சுவரில் மோதியபோது, கோகிலவாணியின் கண்ணுக்கு நேரே மின்மீட்டர் பலகையின் எண் வந்து நின்றது. மஞ்சள் பெயின்ட்டில் 510511. கச்சிராயபாளையத்தில் இந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அவன் அவளை இழுத்து வந்து அடிக்கிற இடம் இதுதான்.

இரண்டால் வகுத்தாள். மீதி ஒன்று. காது கிழிந்து தோடு தெறித்தது. மூன்றால் வகுத்தாள். மீதி ஒன்று. ஐந்து, ஏழு, பதினொன்று, எதனால் அறுத்தாலும் அந்த ஒன்று சாகாமல் நின்றது. அந்த மீதி ஒன்று தானேதான் என்று, கள்ளக்குறிச்சியில் கணிதம் படித்துவிட்டு வந்த கோகிலவாணி எப்போதோ முடிவு செய்திருந்தாள். பதினேழைத் தாண்டிப் போனதில்லை. அதற்குள் அவன் கை சோர்ந்துவிடும், அல்லது அவளுக்கு நினைவு தப்பிவிடும். எதனாலும் வகுபடாத எண் என்று நம்பிக்கொண்டாள். அடி இல்லாத நாளில் உட்கார்ந்து மேலே வகுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கப் பயந்தாள்.

"பாருடா, உதடு ஆடுது," என்றாள் வாசற்படியில் நின்ற மாமியார் பெரியநாயகி. "பொறந்த கரியாலூர் மலையில கத்துக்கினு வந்த மந்திரம். காலையில கன்னுக்குட்டி நுரை தள்ளிச் செத்துச்சே, சும்மாவா செத்துச்சு?"

"இன்னாடி முணுமுணுக்கிற?" என்றான் சுபாஷ்.

"கணக்கு."

"அடி வாங்கிக்கினே கணக்கா? டீச்சரம்மா பரிச்சை எழுதறாங்களா?"

வயிற்றில் உதைத்தான். பதிமூன்று. மீதி ஒன்று.

"நாக்குல சூடு போட்டாத்தான் அடங்குவா," என்று பெரியநாயகி உள்ளே போனாள். இரும்புக் கரண்டி அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது.

சுபாஷ் அவள் மார்பில் முழங்காலை ஊன்றி, கட்டைவிரலை வாய்க்குள் விட்டுத் தாடையைப் பிரித்தான். பதினேழு. மீதி ஒன்று. காய்ந்த இரும்பின் வாடை வந்தது. இன்று அவன் கை சோரவில்லை. அவளுக்கு நினைவும் தப்பவில்லை. வேறு வழியில்லாமல் பத்தொன்பதுக்குப் போனாள். ஒவ்வோர் இலக்கமாக இறக்கினாள். கடைசியில் நூற்று எழுபத்தொன்று நின்றது. அதில் பத்தொன்பது சரியாக ஒன்பது முறை.

மீதி இல்லை.

மறுபடி வகுத்தாள். இல்லை. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்த ஒன்று அங்கே இருந்ததே இல்லை. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பாரம் இறக்கிய தலைபோல உடம்பு லேசாக இருந்தது. இனி எதைக் காப்பாற்ற அடங்கிக் கிடக்க வேண்டும்?

பல்லை இறுக்கினாள். எலும்பு தட்டும்வரை இறுக்கினாள்.

அலறிக்கொண்டு அவன் உருண்டபோது அவள் எழுந்துவிட்டிருந்தாள். கதவோரம் சாத்தியிருந்த கரும்பு வெட்டும் கத்தி கைக்கு வந்தது.

"வாணி, வச்சிடு. வச்சிடும்மா," என்றான் கையைப் பொத்திக்கொண்டு. பெயரோடு 'அம்மா' சேர்த்து அவன் அவளைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

வாயிலிருந்த அவன் ரத்தத்தைத் துப்பினாள். "மந்திரம் இல்லீங்க. பத்தொன்பதாம் வாய்ப்பாடு."

யாரும் நகரவில்லை. சமையலறை வாசலில் பெரியநாயகியின் கையிலிருந்த கரண்டி சிவப்பிலிருந்து மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தது.